சக்கர நாற்காலியில் வந்த டாக்டரம்மா

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சீமை திருவிழாக்கோலம் பூண்டுவிடும். மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் பழைய அருவியிலும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து குளிப்பார்கள்.

ஆனால் அருவிக்கரைப் பாறை பாசி பிடித்தது. ஒரு கணம் கால் வழுக்கினால் போதும். சந்தோஷமாக வந்த குடும்பம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்.

அருவியில் மட்டுமா ஆபத்து? பனை ஏறுகிறவர் உண்டு. தென்னை ஏறுகிறவர் உண்டு. செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. எங்கேயாவது ஒருவர் விழுகிறார். தலையில் அடிபடுகிறது; அல்லது முதுகில் அடிபடுகிறது.

இன்று 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2021-ல் தொடங்கியது. டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு?

எழுந்து நடக்க முடியாதவர் வீடு திரும்பி என்ன செய்வார்? யார் அவருக்குச் சொல்லிக்கொடுப்பது? வீட்டார் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

இந்தக் கேள்விகளுக்குத் தம் வாழ்க்கையையே பதிலாகக் கொடுத்தார் ஒரு பெண்மணி. அவர்தான் வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ்.

சேராய் கிராமத்துப் பெண்

கொச்சிக்குப் பக்கத்தில் கடலோரத்தில் இருக்கிறது சேராய் என்ற ஊர். மேரி அங்கே 1925-ம் ஆண்டு பிறந்தார். வசதியான குடும்பம். தகப்பனார் ஊரிலும் தேவாலயத்திலும் செல்வாக்குள்ளவர்.

பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று பலர் கேட்ட காலம் அது. மேரியின் வீட்டில் அப்படிக் கேட்கவில்லை. உள்ளூரில் படிப்பை முடித்து, எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். பிறகு 1946-ல் டாக்டர் படிப்புக்காக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

அந்தக் கல்லூரிக்குத் தனிச் சரித்திரம் உண்டு. பிரசவத்தில் பெண்கள் சாவதைக் கண்டு மனம் பொறுக்காத ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1900-ல் வேலூரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்காக ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அது வளர்ந்துதான் பெரிய கல்லூரி ஆயிற்று.

மேரிக்கும் பெண்களுக்கான வைத்தியத்திலேயே நாட்டம் இருந்தது. 1952-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிரசவம், பெண்கள் நோய் இவற்றில் தனிப் பயிற்சி பெறத் தொடங்கினார். கைராசிக்காரி என்று ஜனங்கள் புகழும் டாக்டராக வர வேண்டியவர்.

ஆனால் நடந்தது வேறு.

நொடியில் மாறிய வாழ்வு

1954-ம் ஆண்டு தொடக்கம். வேலூரின் இளம் டாக்டர்கள் சிலர் ஒரு வண்டியில் உல்லாசப் பயணம் புறப்பட்டார்கள். மேரியும் போனார். வழியில் அந்த வண்டி விபத்துக்குள்ளாயிற்று.

மேரிக்கு முகத்தில் ஆழமான காயம். அதைவிடப் பெரிய காயம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அவருடைய முதுகெலும்பு முறிந்திருந்தது.

முதுகெலும்புக்குள்ளே தண்டுவடம் என்ற நரம்புக் கற்றை ஓடுகிறது. மூளையின் கட்டளை கைக்கும் காலுக்கும் போவது அதன் வழியாகத்தான். காலில் முள் குத்தினால் அந்தச் செய்தி மூளைக்கு வருவதும் அதன் வழியாகத்தான். தண்டுவடம் நசுங்கினால் கீழே உள்ள உடம்பு அசையாது. அங்கே வலியும் தெரியாது, சூடும் தெரியாது. பெரும்பாலும் சிறுநீர் கழிக்கும் உணர்வும் போய்விடும்.

ஆகவே மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தவரைத் தலையை ஒருவரும் காலை ஒருவருமாகப் பிடித்துத் தூக்கக் கூடாது. கழுத்தும் முதுகும் வளையாமல், பலகையில் கிடத்துவதுபோல் நேராகவே எடுக்க வேண்டும். அவசரத்தில் வளைத்துத் தூக்கினால், தப்பியிருக்கக் கூடிய நரம்பும் கெட்டுப்போகலாம்.

மேரியின் இடுப்புக்குக் கீழே அசைவு போயிற்று. அதன் பொருள் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவரே டாக்டர். நோயாளிகளைப் பார்க்க நடந்து போன அதே ஆஸ்பத்திரியில் அவரே நோயாளியாகப் படுத்தார். வயது முப்பது ஆகவில்லை.

மனம் உடைந்தார். உடையாமல் இருக்குமா? இனி எழுந்து நிற்க முடியாது. பிரசவ வார்டில் ஓடியாட முடியாது. படித்த படிப்பெல்லாம் வீண்தானா என்ற கேள்வி இரவும் பகலும் அவரை அரித்தது.

இருட்டில் ஒரு வழி

அப்போது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேயர் இருந்தார். அவர் பிறந்தது நம் கொல்லிமலையில், 1914-ல். அவருடைய பெற்றோர் அங்கே பாதிரிப் பணி செய்தவர்கள்.

தொழுநோயாளிகளின் கைவிரல்கள் மடங்கிக்கொள்வதை ஆபரேஷன் மூலம் நிமிர்த்த முடியும் என்று செய்து காட்டியவர் அவர். நோயினால் சில தசைகள் மட்டும் செயலிழக்கின்றன. நல்ல நிலையில் இருக்கும் தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைத்தால் விரல் மறுபடி வேலை செய்யும். சோற்றைப் பிசையக்கூட முடியாதவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள், பேனா பிடித்தார்கள்.

இந்த டாக்டர் பிராண்ட் மேரிக்கு ஒரு வழி சொன்னார். வயிற்றில் ஆபரேஷன் செய்கிறவர் நிற்க வேண்டும். கையில் ஆபரேஷன் செய்கிறவர் உட்கார்ந்துதான் செய்கிறார். அப்படியானால் சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏன் செய்யக் கூடாது? கால் போனாலும் மேரியின் கைகள் போகவில்லையே!

யோசனை எளிது. செய்வது எளிதா? முதுகு வலி வாட்டும். அதிக நேரம் உட்கார முடியாது. மேரி கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார். நாற்காலியில் அமர்ந்தபடியே கத்தியைக் கையில் எடுத்தார்.

அந்தக் காட்சி தொழுநோயாளிகளின் மனத்தை மாற்றியது. ஊர் ஒதுக்கியவர்கள் அவர்கள். இனி நமக்கு வாழ்வில்லை என்று கருதியவர்கள். எங்களுக்காவது கால் இருக்கிறது, இந்த அம்மாவுக்கு அதுவும் இல்லை, ஆனாலும் அவர் எங்களுக்குக் கை கொடுக்கிறாரே என்று எண்ணினார்கள். மருந்து தராத தைரியத்தை அந்த நாற்காலி தந்தது.

இதில் ஓர் ஒற்றுமையும் உண்டு. தொழுநோயாளிக்கு விரலில் வலி தெரியாது. சூடுபட்டாலும் காயம்பட்டாலும் அறியமாட்டார். மேரிக்கும் காலில் வலி தெரியாது. வலி இல்லாத உடம்பை எப்படிக் காப்பது என்பது இருவருக்கும் பொதுவான பாடம்.

கடல் கடந்து கற்றார்

மேரி அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போனார். முதுகெலும்பு முறிந்தவர்களுக்குப் பயிற்சி தரும் ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. தாமே உடுத்துவது, தாமே குளிப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது எல்லாவற்றையும் கற்றார். பிறர் கையை எதிர்பார்த்தவர் தம் காரியத்தைத் தாமே பார்க்கலானார்.

அப்போது அவர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தமக்குக் கிடைத்த இந்த வித்தை, வட ஆர்க்காட்டில் மரத்திலிருந்து விழுந்த கூலித் தொழிலாளிக்குக் கிடைக்குமா?

கிடைக்கச் செய்வது என்று உறுதி கொண்டார். அமெரிக்காவில் நியூயார்க் நகருக்குப் போனார். அங்கே டாக்டர் ஹோவர்டு ரஸ்க் என்பவர் புகழ்பெற்ற மறுவாழ்வு நிலையம் ஒன்றை நடத்திவந்தார். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த விமானப் படையினரைக் கவனித்தவர் அவர். நோய் வராமல் தடுப்பது முதல் கட்டம். வந்த நோயைத் தீர்ப்பது இரண்டாம் கட்டம். தீர்ந்தபின் மனிதரை மறுபடி வாழ வைப்பது மூன்றாம் கட்டம். இது அவருடைய கொள்கை.

அந்த மூன்றாம் கட்ட வைத்தியத்தை மேரி முறைப்படி பயின்றார். அவர் வாழ்க்கையை டாரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1963-ல் புத்தகமாக எழுதினார். உலகத்தின் பல மூலைகளிலும் அவர் பெயர் பரவியது.

வெளிநாட்டில் வேலை பார்த்திருந்தால் வசதியாக இருந்திருக்கலாம். அங்கே சாலை நல்ல சாலை. கட்டடம் நல்ல கட்டடம். ஆனால் மேரி வேலூருக்கே திரும்பினார். 1963-ல் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார்.

பாகாயத்தில் எழுந்த பள்ளிக்கூடம்

வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. மருத்துவக் கல்லூரியோடு இணைந்து, நோயாளிகள் தங்கியிருந்து பயிற்சி பெறும் இத்தகைய நிலையம் இந்தியாவிலேயே அதுதான் முதலாவது.

அதை ஆஸ்பத்திரி என்பதைவிடப் பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம். படுத்தே வந்தவர் அங்கே உட்காரப் படிக்கிறார். உட்கார்ந்தவர் நாற்காலியை உருட்டப் படிக்கிறார். சிலர் கால் பட்டையும் கைத்தடியும் கொண்டு நிற்கிறார்கள்.

படிப்பு நோயாளிக்கு மட்டும் அல்ல, வீட்டாருக்கும் உண்டு. உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் படுக்கைப் புண் வரும். அந்தப் புண் உயிரையே குடிக்கும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் கெடும். அதை முறைப்படி வெளியேற்றக் கற்க வேண்டும். இவையெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் மனைவியும் செய்யக் கூடியவைதான். ஆனால் யாராவது பொறுமையோடு சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நியூயார்க்கில் சமையல் மேடை உண்டு. நம் கிராமத்தில் அடுப்பு தரையில் இருக்கிறது. வாசல்படி உயரமாக இருக்கிறது. தெரு மண் தெரு. ஆகையால் நம் ஊருக்குத் தகுந்தபடி பழக்க வேண்டியிருந்தது. டாக்டர், நர்ஸ், உடற்பயிற்சி தருகிறவர், கைத்தொழில் கற்பிக்கிறவர், செயற்கைக் கால் செய்கிறவர், சமூக ஊழியர் எல்லாரும் ஒரே குடும்பம்போல் சேர்ந்து செய்யும் வேலை இது.

எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று. கலங்கிய கண்ணோடு வரும் நோயாளியின் எதிரே, அவரைப் போலவே சக்கர நாற்காலியில் டாக்டரம்மா வருவார். இனி வாழ்வு உண்டா என்று அந்த நோயாளி வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. பதில் அவர் கண்முன்னே உட்கார்ந்திருந்தது.

1972-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986-ல் மேரி வர்கீஸ் காலமானார். விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகள்! வாழ்வு முடிந்தது என்று படுத்த நாளிலிருந்துதான் அவர் பெரும் பணியே தொடங்கியது.

வெளியே தெரியாத காயம்

மேரி கற்பித்த பாடம் முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு மட்டும் உரியதா? இல்லை. தலையில் அடிபட்டவர்களுக்கும் அதே பாடம்தான். சொல்லப்போனால் அவர்களுக்கு இன்னும் அதிகம் தேவை.

சக்கர நாற்காலியைப் பார்த்தால் ஊர் வழி விடும். தலையில் அடிபட்டவருக்கு அப்படி அடையாளம் ஏதும் இல்லை. குடத்துத் தண்ணீர் குலுங்குவதுபோல் மண்டை ஓட்டுக்குள்ளே மூளை குலுங்கிவிடுகிறது. மூளை அதிர்ச்சி என்று இதைச் சொல்லுகிறார்கள். எலும்பு முறிந்திருக்காது. ஸ்கேன் படத்திலும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். மயக்கம் வந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை.

வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலும், தலைவலி ஏறிக்கொண்டே போனாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பியும் விழிக்காமல் தூங்கினாலும், பேச்சுக் குழறினாலும், கை கால் சோர்ந்தாலும், மூக்கிலோ காதிலோ நீர் அல்லது ரத்தம் வடிந்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஆபத்து இல்லை என்று டாக்டர் அனுப்பிவைத்த பிறகும் சில நாள், சில வாரம் தொல்லை இருக்கலாம். வெளிச்சம் கண்ணைக் கூசும். சந்தடி பிடிக்காது. சொன்னது மறக்கும். காரணம் இல்லாமல் கோபம் வரும். விவரம் தெரியாத வீட்டார் சோம்பேறி என்பார்கள். வேலைக்குப் போகாமல் நடிக்கிறான் என்பார்கள். காற்று கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரிக்கப் போகிறவர்களும் உண்டு.

செய்ய வேண்டியது என்ன? முதல் ஒன்றிரண்டு நாள் நல்ல ஓய்வு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடையும் வேலையும். மாணவனானால் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, பாடச் சுமையைச் சில நாள் குறைக்கச் செய்ய வேண்டும். டாக்டர் சம்மதிக்கும்வரை விளையாட்டும் வண்டி ஓட்டுவதும் கூடாது. ஆறுவதற்குள் மறுபடி அடிபட்டால் ஆபத்து அதிகம். மது தொடவே கூடாது. பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். அதுவரை வீட்டார் பொறுமை காட்ட வேண்டும்; அதுவே பாதி மருந்து. வாரங்கள் கடந்தும் தொல்லை நீங்காவிட்டால் மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஆய்க்குடியில் ஒரு சாட்சி

ஆஸ்பத்திரி தொடங்கியதை ஊர்தான் முடிக்க வேண்டும் என்பதற்குத் தென்காசிக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. அதுதான் ஆய்க்குடி அமர் சேவா சங்கம்.

1975-ல் ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போனார். உடல் திறன் சோதனையில் விழுந்தார். கழுத்தெலும்பு அடிபட்டு, கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாகல் அவருக்கு ஊக்கம் கொடுத்தார்.

சொந்த ஊருக்குத் திரும்பிய ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அமர் என்ற பெயர் அந்த டாக்டரின் நினைவாக வைத்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும் அதே 1981-தான். சில குழந்தைகளோடு ஓலைக் கொட்டகையில் தொடங்கிய வேலை, பள்ளியாகவும் பயிற்சி நிலையமாகவும் வளர்ந்தது. முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு அங்கே மறுவாழ்வுப் பயிற்சி தரப்பட்டது. ஊழியர்கள் சுற்று வட்டாரக் கிராமங்களுக்கே போய் வீட்டு வாசலில் பயிற்சி கொடுத்தார்கள். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

வேலூர்க் கதை வேறு. ஆய்க்குடிக் கதை வேறு. ஆனால் இரண்டிலும் விழுந்தவரே எழுந்து, விழுந்த மற்றவர்களுக்குக் கை கொடுத்தார். இரண்டு பேருக்கும் இருட்டு வேளையில் ஒருவர் வந்து நம்பிக்கை ஊட்டினார். அந்த ஒருவர் வராமல் இருந்திருந்தால் இரண்டு கதையும் கட்டிலிலேயே முடிந்திருக்கும்.

அந்த ஒருவர் டாக்டராகத்தான் இருக்க வேண்டுமா? இல்லை. பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். பள்ளி ஆசிரியராக இருக்கலாம். கூட வேலை பார்த்தவராக இருக்கலாம்.

உங்கள் தெருவிலும் ஒருவர் அடிபட்டு, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியிருக்கலாம். முதல் வாரம் எல்லாரும் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். ஐயோ பாவம் என்கிறார்கள். பிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் மூன்றாம் மாதம் போய்ப் பாருங்கள். வாசல்படிக்கு ஒரு சாய்வுப் பலகை போட்டுக் கொடுங்கள். டீக்கடை வரைக்கும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போங்கள். அவருக்குத் தெரிந்த தொழிலில் எதை உட்கார்ந்து செய்யலாம் என்று சேர்ந்து யோசியுங்கள்.

டாக்டர் மேரி வர்கீசுக்கு வேலூரில் ஒருவர் செய்த உபகாரமும் இதுதான்.